அஷ்டமி ட்யூட்டி

முதலில் அந்த ஸ்டேப்ளர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எறியவில்லை. மேஜைமேல் வைத்தேன். கொஞ்சம் வேகமாக வைத்தேன். அது எகிறிப் போய் ஜெயந்த்-தாவின் டிபன் பாக்ஸில், கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்புக்குள் விழுந்தால் அதற்கு நானா பொறுப்பு? ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் 'எறிந்தார்' என்றுதான் இருந்தது. அதன் பலன், சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு நான்கு வெள்ளிக்கிழமைகள் பயிற்சி. வேலை நெருக்கடியில் இருக்கும் குழுவினர் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது, மனத்தில் இருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது, இத்யாதி.

எங்கள் வேலை தேயிலைப் பெட்டிகள் கப்பலேறுவதற்கான காகிதங்களைத் தயார் செய்வது. கப்பல்காரன் ஒரு நேரம் சொல்லுவான். அதற்குள் காகிதம் போகவில்லையென்றால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஆறு பேர் கொண்ட டீம். டீம் லீடர் ஷியாமளா, அதாவது நான். வயது நாற்பத்தெட்டு. பிறந்தது, வளர்ந்தது, குடியிருப்பது எல்லாம் இதே கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். ஆபீசில் எல்லோருக்கும் நான் தீதி, அதாவது அக்கா; ஜெயந்த்-தாவில் வரும் 'தா' அண்ணா. அவர்கள் பேசுவது வங்காளம். நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லப்போவதால் ஜெயந்த்-தாகூட எங்கள் வீட்டு மாமா மாதிரிதான் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியெல்லாம் எனக்குத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு என்ன பேசத் தெரியாதா? பிரிண்டரிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நான் வாய்விட்டுத் திட்டாதது ஒன்று பாக்கியில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதுதான் அஷ்டமி.

துர்கா பூஜையின்போது இந்த ஊரே லீவு. ஆனால் கப்பலுக்கு லீவு கிடையாது. அதனால் அஷ்டமியன்று ஒருவர் காலை எட்டு மணிக்கு ஆபீசில் இருந்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புதுசாகச் சேர்ந்தவள், நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நான் கையைத் தூக்கித் தொலைத்தேன். அன்றைக்குப் பிடித்த சனி. மறு வருஷமும் நான், அதற்கு அடுத்த வருஷமும் நான். தமிழ்க்காரிக்கு ஏது பூஜை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சின்ன வயசில் ஒரு அஷ்டமி விடாமல், குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு, பள்ளிக்கூடத் தோழிகளோடு பந்தலில் நின்று அம்மனுக்குப் பூப்போட்டு அஞ்சலி செய்தவள் நான். வீட்டில் நவராத்திரிக் கொலு இருக்கிறதே என்பீர்கள். கொலு சாயங்காலம், அஞ்சலி காலை. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? டீம் லீடர் ஆனபிறகு அந்த ட்யூட்டி லிஸ்டைப் போடுகிறவளே நான்தான். வருஷா வருஷம் அஷ்டமிக் கட்டத்தில் என் பெயரை நானே எழுதுவேன். எழுதிவிட்டு, 'ஐயோ தீதி, இந்த வருஷமுமா? நீங்கள் போங்கள், நான் வருகிறேன்' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பேன். ஒரு ஜீவன் சொன்னதில்லை. நன்றிகெட்ட ஜன்மங்கள் என்று அடுத்த அஷ்டமி வரை கறுவிக்கொண்டிருப்பேன்.

"வாயைத் தொறந்து கேளேன்" என்றார் என் கணவர் நடராஜன். அது போன வருஷம், கொலுப் படிக்குப் பலகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு வாங்கினா அதுல என்ன இருக்கு? அவாளுக்கே தெரிய வேண்டாமா?"

"அவாளுக்கு எப்படிடீ தெரியும்? உன் நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

"நீங்க பலகையைப் பிடியுங்கோ, போறும்."

ஆனால் அவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் அஷ்டமி எனக்கு வேண்டும். கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் சைதன்யா. முப்பது வயது இருக்கலாம். சிரித்த முகம். அந்தச் சிரிப்பு கழற்றி வைக்க முடியாதது என்று பத்து நிமிஷத்தில் புரிந்தது. கையில் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் அதைக் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். குற்றம் சொல்லக்கூடாது. 'எனக்கு இப்படி இருக்கிறது' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். சுவரில் ஒரு படம் வேறு ஒட்டினார். அதில் இருபத்துநாலு முகங்கள், இருபத்துநாலு உணர்ச்சிகள். இன்று நீங்கள் எந்த முகம் என்று கேட்டார். ஏழாவது முகத்தைக் காட்டினேன். அது 'எரிச்சல்'. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். அதே ஏழு.

எங்கள் டீம் இருக்கிறதே, வேலையைச் சொன்னால் நூறு தடவை மறக்கும். இந்தத் திருப்பிச் சொல்கிற வித்தையை மட்டும் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கப்பல்காரன் கொடுத்த நேரம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிஷம். ஒரு காகிதத்தில் கன்டெய்னர் எண் தப்பு. எங்கள் டீமிலேயே இளையவளான கீதாஞ்சலி ஓடி வந்தாள்.

"ஜெயந்த்-தா, கன்டெய்னர் நம்பர் தப்பா இருக்கு!"

ஜெயந்த்-தா கண்ணாடியைக் கழற்றி, அவளை நேராகப் பார்த்தார். "கன்டெய்னர் நம்பர் தப்பா இருக்குன்னு நீ சொல்றே. சரியாக் கேட்டேனா?"

"சரியாக் கேட்டேள். அது எனக்குப் பதட்டமா இருக்கு."

"உனக்குப் பதட்டமா இருக்குன்னு எனக்குப் புரியறது."

"புரிஞ்சுண்டதுக்கு ரொம்ப நன்றி."

"நீ நன்றி சொன்னது எனக்குச் சந்தோஷமா இருக்கு."

இன்னும் எட்டு நிமிஷம்தான் பாக்கி. நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டேப்ளரை ஏற்கனவே பறிமுதல் செய்திருந்தார்கள். ஏழு நிமிஷம். ஜெயந்த்-தா அவளுக்குத் தண்ணீர் எடுத்து நீட்டினார். அவ்வளவுதான், எழுந்தேன்.

"நம்பரை மாத்துங்கோ! ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கப்பலைக் கட்டிண்டு அழலாம், அப்புறமா! முதல்ல நம்பர்!"

ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது காகிதம் போனது. வெள்ளிக்கிழமை சைதன்யா இதைக் கேட்டுவிட்டு, வேகம் கிடைத்தது, ஆனால் பரிவை இழந்தோம் என்றார். பரிவு கன்டெய்னரில் ஏறுமா என்று கேட்டேன். சிரித்தார்.

நான்காவது வெள்ளிக்கிழமை வந்தது. பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. லிஸ்ட் அன்றைக்குள் போட்டாக வேண்டும். பழக்க தோஷம், காலையிலேயே அஷ்டமிக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். அன்றைக்குப் பயிற்சியில் எங்கள் கிளைத் தலைவர் கோவிந்தராஜனும் வந்து உட்கார்ந்தார். சென்னைக்காரர். மாற்றலாகி வந்து நாலு வருஷம். கூட்டங்களில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக்கூடியவர்.

"இந்த டீம்கிட்ட நீங்க இதுவரைக்கும் கேக்காத ஒண்ணைக் கேளுங்க" என்று சொல்லிப் பந்தை என்னிடம் போட்டார் சைதன்யா.

இவ்வளவு பேரை இவ்வளவு வருஷம் அதட்டியவளுக்கு ஒரு லீவு கேட்கக் குரல் நடுங்கியது. வெட்கக்கேடு.

"எனக்கு அஷ்டமியன்னிக்கு லீவு வேணும். பந்தல்ல நின்னு அஞ்சலி பண்ணணும். இருபத்திரண்டு வருஷமாப் பண்ணலை. எனக்கு... எனக்கு ஏக்கமா இருக்கு."

ஜெயந்த்-தா கண்ணாடியைக் கழற்றினார். "அஷ்டமியன்னிக்கு உங்களுக்கு லீவு வேணும்னு நீங்க சொன்னதை நான் கேட்டேன்."

"உங்களுக்கு ஏக்கமா இருக்குன்னு எனக்குப் புரியறது, தீதி" என்றாள் கீதாஞ்சலி.

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். சைதன்யா கைதட்டினார். "அற்புதம்! பாத்தீங்களா, ஒருத்தர்கூடக் குறுக்கே புகுந்து தீர்வு சொல்லல! முழுசாக் கேட்டாங்க!" என்று சொல்லிவிட்டு, பந்தை என்னிடமிருந்து வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்.

அடுத்தவரிடம்! அவ்வளவுதான், முடிந்துவிட்டது!

நான் எட்டிப் பந்தைப் பிடுங்கினேன். "கேட்டேள், புரிஞ்சுண்டேள், ரொம்ப சந்தோஷம். லீவு எங்கே?"

"மேடம், இது உணர்வுக்கான நேரம். தீர்வுக்கு அப்புறமா..."

"உணர்வை வச்சுண்டு நான் என்ன ஊறுகாயா போடறது? இருபத்திரண்டு வருஷம்! ஒரு வருஷமாவது ஒருத்தராவது, 'தீதி, நீங்க போங்கோ'ன்னு சொல்லியிருப்பேளா? கல் நெஞ்சுக்காரா!"

ஜெயந்த்-தா மெதுவாகக் கேட்டார். "ஆனா தீதி, லிஸ்ட் போடறது நீங்கதானே? உங்க பேரை நீங்களே எழுதறேள். அன்னிக்கு ஆபீஸ் நிம்மதியா இருக்கும், உங்களுக்குப் பிடிக்கும்போல இருக்குன்னு நாங்க நினைச்சுண்டோம்."

"நான் சேர்ந்த வருஷம், உங்களுக்கு லீவு வேணுமான்னு கேக்கலாம்னு உங்ககிட்ட வந்தேன்" என்றாள் கீதாஞ்சலி. "என்னைப் பாத்து முறைச்சேள். பயந்து திரும்பிப் போயிட்டேன்."

முறைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது முறைப்பு இல்லை. இவளாவது கேட்க மாட்டாளா என்று ஆசையோடு பார்த்த பார்வை. என் முகத்தில் ஆசை அப்படித்தான் வந்து தொலைகிறது, நான் என்ன செய்ய? அந்த இருபத்துநாலு முகங்களில் அது ஒன்றுதான் இல்லை.

மேஜைக்குப் போய் லிஸ்டை எடுத்து வந்தேன். எல்லோர் எதிரிலும் என் பெயரை அடித்தேன். கட்டம் காலி. ஐந்து பேரும் உடனே தரையைப் பார்த்தார்கள். ஜெயந்த்-தா அவர் தெருப் பூஜைக் கமிட்டிக்குச் செயலாளர். கீதாஞ்சலி ஐந்து நாளைக்குப் பதினோரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். யாரைச் சொல்வது?

"நான் வரேனே" என்று ஒரு குரல் கேட்டது.

கோவிந்தராஜன் சார். விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எனக்கு அந்த மேளச் சத்தம் ஆகாது. நாலு வருஷமா அஞ்சு நாளும் காதுல பஞ்சை அடைச்சுண்டு வீட்ல சும்மா உக்காந்திருக்கேன். ஆபீஸ்னா நிம்மதியா இருக்கும். உங்களுக்குத்தான் அது பிடிச்ச நாள், நடுவுல போய் நான் ஏன் கெடுக்கணும்னு கேக்கல."

"நாலு வருஷமாவா சார்?"

"நாலு வருஷமா."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் மனசு மாறுவதற்குள் கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிட்டேன். சைதன்யா, இப்போது எந்த முகம் மேடம் என்று கேட்டார். போய்யா என்றேன்.

அஷ்டமியன்று காலை சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் தெருப் பந்தல் வாசலிலிருந்து எண்பது அடி. இருபத்திரண்டு வருஷமாக அந்த எண்பது அடியைத் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்காக ஓடிக் கடந்திருக்கிறேன். அன்று மெதுவாக நடந்தேன். நடராஜனும் கூட வந்தார். வரிசையில் நின்றோம். கையில் பூவும் வில்வ இலையும் கொடுத்தார்கள்.

பக்கத்தில் கீழ் ஃப்ளாட் சுப்ரியா. பௌதி என்று கூப்பிடுவேன், அதாவது அண்ணி. எங்களுக்குக் கீழே பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். மாடிப்படியில் பார்த்தால் தண்ணீர் வந்ததா, கரன்ட் போனதா என்று பேசிக்கொள்வதோடு சரி. என்னைப் பார்த்ததும் அவள் கண் நிரம்பிவிட்டது.

"வந்துட்டியா? ஒவ்வொரு வருஷமும் உனக்கும் சேத்து ஒரு பிடி பூ வாங்கிக் கையில வச்சுப்பேன். நீ பையை மாட்டிண்டு ஓடிடுவே. கூப்பிடணும்னு நினைப்பேன். நீங்கள்லாம் வேற வழக்கம், கூப்பிட்டா சங்கடப்படுவியோன்னு விட்டுடுவேன்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"பதினெட்டு வருஷமாவா? ஒரு வார்த்தை கூப்பிட உங்களுக்கு வாய் வராதா? எனக்கு எப்படித் தெரியும் பௌதி? உங்க நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. மைக்கில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த புரோகிதர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நடராஜன் இரண்டு அடி தள்ளிப் போய், யாரோ ஒருவர் மாதிரி நின்றுகொண்டார். எனக்கு நான் பேசியது அப்போதுதான் காதில் விழுந்தது. சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"சண்டை முடிஞ்சுதா? அஞ்சலியை ஆரம்பிக்கலாமா?" என்று மைக்கிலேயே கேட்டார் புரோகிதர்.

ஆரம்பியுங்கள் என்று தலையாட்டினேன். பௌதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பூவையெல்லாம் என்ன பண்ணினேள் பௌதி?" என்று கிசுகிசுத்தேன். "பதினெட்டுப் பிடிப் பூ."

"என்ன பண்ணுவேன்? உன் பேரைச் சொல்லி நானே போட்டுடுவேன்" என்றாள்.