நடுச்சுவருக்கு இந்தப் பக்கமும்

விஸ்வநத்தத்தில் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடு கட்டியிருந்தாள் வீரலட்சுமி. ஒன்றில் அவளும் புருஷன் கருப்பணனும் குடியிருந்தார்கள். மற்றது பூட்டிக் கிடந்தது. அதன் வாடகை வந்தால்தான் மகள் மதுரையில் நர்சிங் படிப்பை விடாமல் முடிக்க முடியும். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் போட்ட ஒரே நிபந்தனையைக் கேட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். மறுபடி யாரும் வரவில்லை.

இன்று பாண்டியும் அவன் மனைவி இசைவாணியும் எழுத்து வரைக்கும் வந்துவிட்டார்கள். சிவகாசியில் பத்திரம் எழுதும் சீனிவாசகத்தின் கடையில் நான்கு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒப்பந்தத்தில் பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொண்டே வந்தார்.

"பதினோரு மாசம். கரண்டு பில் குடியிருக்கவங்க கட்டணும். குடியிருப்பைத் தவிர வீட்டுல வேற எந்தத் தொழிலும் செய்யக்கூடாது."

"அந்த வரியை எடுத்துருங்கய்யா" என்றாள் இசைவாணி. "வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துறேன். அதையும் விட்டுட்டு வெறுஞ்சுவரைப் பாத்துக்கிட்டா இருக்க?"

"நானும் சுத்துனவதான். காகிதத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் வீரலட்சுமி. "காகித வேலை பாக்கலாம், வெடிமருந்தும் திரியும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு மாத்தி எழுதுங்கய்யா."

பாண்டி மனைவியைப் பார்த்தான். இசைவாணி தரையைப் பார்த்தாள்.

அது போதும் வீரலட்சுமிக்கு. சீசன் வந்தால் பாதித் தெரு வீட்டுக்குள் உட்கார்ந்து மருந்து தோய்த்த திரி வெட்டும். குழாயில் ஒரு வாரம் வருவது திரியில் இரண்டு நாளில் வந்துவிடும். அதிகாரிகள் ஜீப் வந்தால் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். அப்படிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய திரிதான் அவள் தங்கையைக் கொண்டுபோனது. அடுப்புப் பொறி எப்படி அங்கே போனது என்று சொல்ல ஆள் மிஞ்சவில்லை.

"திரி வெட்டுறியாத்தா?"

"வெட்டுறேன். பொய் எதுக்குக்கா? சீசன்ல அதுதான் எங்களுக்குக் கஞ்சி."

"என் தங்கச்சி அதுலதான் போனா."

"எங்க மாமியாரும் அதுலதான் போனாக. தெரியாமயா செய்றோம்?"

சீனிவாசகம் எழுந்து டீ சொல்லப் போனார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்கு எப்போதும் டீ தேவைப்படும்.

அவர் திரும்பி வந்தபோது இசைவாணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "சரிக்கா. நான் திரியை விட்டுர்றேன். ஆனா நடுவுல இருக்கிறது ஒரே சுவரு. அந்தப் பக்கமும் மருந்து இருக்கக்கூடாதுன்னு சேத்து எழுதச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல ஏது மருந்து? நான் கம்பெனியை விட்டே வருசமாச்சு."

"வீடு பாக்க வந்தப்ப பாத்தேன். உங்க படிக்கட்டுக்கு அடியில அட்டைப்பெட்டி மேல அட்டைப்பெட்டியா நிக்கிது. சரமும் அணுகுண்டுமா."

"அது வெடிதான? தீவாளிக் கடைக்கு வச்சிருக்கு" என்றாள் வீரலட்சுமி.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கருப்பணன் வருடா வருடம் கம்பெனியில் மலிவாக எடுத்து வந்து அடுக்குவான். தீபாவளிக்குக் கடை போட்டு விற்பான். லேபிள் ஒட்டிப் பெட்டியில் போட்ட பிறகு அது சரக்கு. மருந்து என்று ஒருநாளும் அவள் நினைத்ததில்லை. அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் பாயை விரித்துப் படுப்பாள்.

கருப்பணனுக்கு முகம் கறுத்தது. "நம்ம வீட்டுல நாம எதை வைக்கணும்னு குடிவர்றவ சொல்லணுமோ? ஏலே பாண்டி, வேற வீடு பாத்துக்க."

"பாத்துக்கிடுதேன் மாமா. வீடு என்ன, கடவுள் புண்ணியத்துல நாலு இருக்கு. நாலுலயும் திரிதான் கிடக்கு" என்றான் பாண்டி. சீனிவாசகம் சிரிப்பை டீக்குள் விட்டார்.

வீரலட்சுமி சிரிக்கவில்லை. இவர்களை விட்டால் அடுத்து வருகிறவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி உள்ளே வருவான். கட்டிலுக்கு அடியில் என்ன வைப்பான் என்று சுவரில் காது வைத்துக் கிடக்க வேண்டும். இவள் முகத்துக்கு நேரே கேட்கிறாள்.

"ரெண்டு பக்கமும்னு எழுதுங்கய்யா" என்றாள்.

"ஏய், யாவாரம்..." என்றான் கருப்பணன்.

"சாத்தூர்ல உங்க அண்ணன் லைசென்ஸ் குடோன் வச்சிருக்காருல்ல? அங்கன போய் அடுக்குங்க. லாவத்துல அவருக்கும் கொஞ்சம் போகட்டும். நாம எரியாம இருப்போம்."

"வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தி நான் இதுவரைக்கும் எழுதுனதில்லம்மா" என்றார் சீனிவாசகம். "எழுதலாம். தப்பில்ல."

புது வரி ஏறியது. இசைவாணி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கருப்பணன் சாட்சிக் கையெழுத்தைப் பேப்பர் கிழியும்படி அழுத்திப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் வண்டி வந்து நின்றது. பெட்டி தூக்க ஆள் தேடிக் கருப்பணன் தெருவைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். லோடு ஏற்றுவதுதான் பாண்டிக்குப் பிழைப்பு. அவனே வந்து துண்டைத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் குனிந்தான்.

"மாமா, பீடியைத் தெருமுனையில வச்சுட்டு வாங்க."

கருப்பணன் முறைத்தான். பிறகு தெருமுனை வரை போய் பீடியை மிதித்துவிட்டு வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

காலியான இடத்தை வீரலட்சுமி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஈரம் காய்வதற்குள் பக்கத்து வீட்டில் பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்டது.

"யக்கா, குழாய்க் காகிதத்தை எந்தப் பக்கம் அடுக்க?" என்று இசைவாணி கேட்டாள்.

"சன்னல் பக்கம் வேணாம், சாரல் அடிக்கும். இரு, நான் வாரேன்" என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள் வீரலட்சுமி.