ஒட்டாத சொம்பு

சென்னப்பனுடைய போர்வெல் குழியில் ஏதோ விழுந்து நடுவில் அடைத்துக்கொண்டது. மோட்டார்க் குழாய் அதற்குக் கீழே இறங்கவில்லை. மழை பொய்த்த வருஷம். அந்தக் குழியில் தண்ணீர் கண்டதால்தான் அவன் பெங்களூர் கட்டட வேலைக்குப் போகாமல் ஊரில் நின்றான்.

"போர் போட்ட லாரிக்காரனுங்க ஸ்பேனர உள்ள உட்டுட்டானுங்க பாய். காந்தம் செஞ்சு எடுத்துக் குடுங்க," என்றான். அரூரில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. "அதுக்கென்ன," என்றேன். என் வாய் எப்போதும் கையை முந்திக்கொள்ளும்.

முதலில் கடப்பாரைத் துண்டில் செப்புக் கம்பியைச் சுற்றினேன். பேட்டரி கொடுத்ததும் ஆணியைப் பிடித்தது; கரண்டை நிறுத்திய பிறகும் விடவில்லை. ஆனால் கனமான எதையும் தூக்கவில்லை. "உங்கள மாதிரியே பிடிவாதம் மட்டும்தான்," என்றாள் என் மனைவி பரிதா. அடுத்து ஒரு தேனிரும்புக் கம்பியை உலையில் பழுக்கவைத்து, சாம்பலில் ஆறவிட்டுச் சுற்றினேன். அது சம்மட்டியையே தூக்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் புகாமல் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, லாரி பேட்டரியோடு இணைத்து, நானும் சென்னப்பனும் குழியில் இறக்கினோம். இரும்புத்தூள் வந்தது, ஒரு நட்டு வந்தது. ஸ்பேனர் வரவில்லை. சுற்றுகளைக் கூட்டினேன்; காயில் சூடேறி வார்னிஷ் நாறியதுதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேட்டரியை எட்டி உதைத்தேன்.

"விடுங்க பாய். நாளைக்கு நான் பஸ் ஏறிடறேன்," என்று சொல்லிவிட்டு சென்னப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

அவன் மனைவி செல்லி எவர்சில்வர் சொம்பில் எனக்கு மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடித்ததும் அந்தச் சொம்பைக் காந்தத்தின் முனையில் வைத்துப் பார்த்தாள். கீழே விழுந்தது. மறுபடியும் வைத்தாள்.

"இது ஏங்கண்ணா ஒட்டல?"

"எவர்சில்வர் ஒட்டாதும்மா."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "இதோட சோடிதாங்க உள்ள கெடக்குது. தண்ணி கண்ட அன்னிக்கு, புள்ள இல்லாதவ கங்கம்மாவுக்குக் குழியில பால் ஊத்தக் கூடாதுன்னு நாத்தனாரு தள்ளி நிறுத்திட்டாங்க. எல்லாரும் போன பொறவு நானா வந்து ஊத்துனேன். கை வழுக்கிருச்சு. எங்கம்மா அதுல எம்பேரு வேற வெட்டிக் குடுத்திருக்குது."

நான் குரலைத் தாழ்த்தினேன். "இப்ப எதுவும் சொல்லாத. அவன் ஊருக்குப் போன பொறவு நான் வந்து கொக்கி போட்டு எடுத்துடறேன்."

"போனவங்க யாருங்கண்ணா திரும்பி வந்தாங்க?" என்றவள், தொழுவத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, இங்க வாங்க. உள்ள கெடக்கறது என் சொம்பு."

கொக்கியில் சொம்பு சுலபமாகவே வந்தது. சென்னப்பன் சேற்றைத் துடைத்துப் பெயரைப் படித்தான். நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் நான் குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டுவிட்டேன். தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது.

"அக்கா அவள தாய் வூட்டுக்கே அனுப்பச் சொல்லுது பாய். அவ கைபட்ட தண்ணி குடும்பத்துக்கு ஆகாதாம்."

செல்லி உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் பொம்மிடி பஸ் நிற்கும் ரோட்டுக்கு நடந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப மோட்டார நிறுத்திரட்டுமா?" என்று சுவிட்சில் கை வைத்தேன்.

"ஐயோ, வேணாம் பாய்," என்று சென்னப்பன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.