கறையில்லாத துணி

பேச்சியம்மாளின் உள்ளங்கை தொப்புளுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவியிருந்த கை. தொடங்கிவிட்டால் அது நிற்கிற கையல்ல. இடுப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிவயிற்றை அள்ளி நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மேல்நோக்கித் தூக்கிக் கொடுக்கும்வரை ஒரே ஓட்டமாக ஓடும். இன்று பாதி வழியில் நின்றது. பாயில் மல்லாந்து கிடந்த நசீபா, ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிய வெயில் கீற்றில் தூசு மிதப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ தாயி, நெசமாவே குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சுக்கா."

"இல்ல, கைக்கு என்னமோ மாதிரி தட்டுப்படுது. கொஞ்சம் கெட்டியா."

"நேத்து ராத்திரி கப்பைக் கிழங்கு தின்னேன். செரிக்கலைன்னு தோணுது."

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். "கப்பைக்கும் மீனுக்கும் எடம் குடுத்துட்டு, எங்கிட்ட வந்து வயித்தத் தூக்கிவிடு தூக்கிவிடுன்னா நான் எதைத் தூக்க?" கை மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலடி வேலைக்கு வந்த புருஷனோடு கொச்சி மட்டாஞ்சேரிக்குக் குடியேறியவள் பேச்சியம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது இந்தக் கைதான். பிரசவம் பார்ப்பாள், சுளுக்கு எடுப்பாள், குழந்தை தங்காத பெண்களுக்கு வயிறு தடவுவாள். அவளுக்கு ஒரேயொரு விதி இருந்தது. மாதம் குளித்து முடித்தவளின் வயிற்றைத்தான் தொடுவாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

நசீபாவுக்கு இந்த மாதம் விலக்கே ஆகவில்லை. நாள் தள்ளிப்போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதை ஏன் மறைத்தாள் என்பதற்குப் போன வருஷத்து நெய்ச்சோற்றைச் சொல்ல வேண்டும். போன வருஷமும் இப்படித்தான் தள்ளிப்போனது. நசீபா ஆசையை அடக்க மாட்டாமல் மாமி சுலைஹா பீவியின் காதில் சொன்னாள். அந்த அம்மாள் அன்றைக்கே ஆட்டைப் பிடித்துக் கட்டி, மௌலூது ஓதி, தெரு முழுக்க நெய்ச்சோறு கொடுத்தாள். புருஷன் தாவூது தன் சாக்குக் கடையில் சாக்கு தைப்பவர்களுக்கெல்லாம் புதுக் கைலி வாங்கிக் கொடுத்தான். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் இரத்தமாகப் போயிற்று. அது கருவே இல்லை, வெறுமனே நாள் தள்ளினதுதான் என்று மாமியும் ஊரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "சுலைஹா வீட்டு நெய்ச்சோறு இன்னும் எனக்குச் செரிக்கலே கேட்டியா" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. மாமி தலையைத் தூக்கவில்லை. இலையில் வைத்த இறைச்சியைத் தொடாமல் எழுந்த மாமியின் பின்னால் நசீபாவும் எழுந்து வந்தாள். வழியில் மாமி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆகவே இந்த முறை, எதுவானாலும் நன்றாக நிலைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் மட்டும் போதாது. விலக்கு நாளில் மருமகள் தொழுகையை விடுவதும் குளித்த பின் மறுபடி தொழுவதும் மாமிக்குத் தெரியும். விட வேண்டிய நாளில் விடாமல் தொழுதால் அதுவே தம்பட்டம். நசீபா தொழுகையை விட்டாள். சுத்தமாக இருந்துகொண்டே, பாங்கு சொல்லும் போதெல்லாம் அடுப்படியில் போய் உட்கார்ந்து எதையாவது நறுக்கினாள். பழைய வெள்ளைத் துணிகளைக் கிழித்து, கிணற்றடியில் நனைத்து, அடித்துத் துவைத்து, கொல்லைக் கொடியின் மறைவான மூலையில் எப்போதும்போல் காயப்போட்டாள். ஒரு கறையும் இல்லாத துணி. 'ரப்பே, இது நீ குடுத்ததை மறைக்கிறதுக்கில்ல, காப்பாத்துறதுக்கு' என்று ஒவ்வொரு துணியைப் பிழியும்போதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு குளித்தாள். மாமி கணக்கு வைத்திருந்தபடி பேச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பினாள்.

தடவ வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலைவலி என்றால், தடவினால் சரியாகும் என்பார்கள். ஒரு நாள்தானே, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். மறுநாளும் அப்படியே படுத்தாள்.

காலம் குறைவாக இருந்தது. ஆலப்புழையில் கயிறு வியாபாரம் செய்யும் ஒரு வீட்டில் பெண் இருப்பதாகவும், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும் மாமி சொல்லிவிட்டாள். மறைத்துச் சொல்லவில்லை, நசீபாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "உன்னைத் தள்ளிவைக்கச் சொல்லல்லே. நீ இங்கதான் இருப்பே. ஆனா என் மகனுக்கு ஒரு புள்ள வேணும். பெருநாள் வரைக்கும் அந்தப் பேச்சி சொல்றதெல்லாம் செய், நான் ஒண்ணும் தடுக்கல்லே." எறணாகுளத்து லேடி டாக்டர் ஒரு தரம், புருஷனையும் கூட்டிவாருங்கள், அவரையும் பார்க்க வேண்டும் என்று சொன்னதுண்டு. மாமி அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

பேச்சி போன மாதத்திலிருந்தே சொல்லிவந்தது நிறைய இருந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் உட்காரக் கூடாது. சாயா வேண்டாம். எள்ளும் உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் களி கிண்டித் தின்ன வேண்டும். மாவைக் குந்தி உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். தாவூது பீடியை விட வேண்டும், இருட்டும் முன் கடையை அடைத்து வீடு வந்து சேர வேண்டும். அதோடு, காலையில் சுபுஹு தொழுததும் நசீபா காலாற ஒரு மைல் நடக்க வேண்டும். "வயிறு இறுகிக் கெடக்கு தாயி. நடந்தாத்தான் எளகும்."

தனியாக அனுப்ப முடியாதே என்று தாவூதும் கூட நடந்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தது அதுதான் முதல். சுக்கு வாடை அடிக்கும் பூட்டிய பண்டசாலைகளைத் தாண்டி, கடைத்தெரு வழியாகக் கல்வத்திப் பாலம் வரை போவார்கள். அக்கரையில் வெலிங்டன் தீவுக் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். முதலில் அவன் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். பிறகு ஐந்தடி. பிறகு ஒரு நாள் பார்த்தால் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான். அணா போய் நயா பைசா வந்த புதுசு. பாலத்தடிச் சாயாக் கடைக்காரர் சில்லறையை எண்ணத் திணறிக்கொண்டே, "எந்தா ராவுத்தரே, ரெண்டாளும் பட்டாளத்தில் சேரப் போறீங்களா?" என்று கேட்பார். "எங்களை எடுப்பாங்களா சேட்டா? இவ என்னைவிட வேகம்" என்பான் தாவூது. பீடியை விட்டதிலிருந்து அவன் சட்டைப் பையில் ஏலக்காய் வைத்திருந்தான். ஒன்றை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டுவான். நசீபா துப்பட்டிக்குள் வாங்கி மென்றுகொண்டே நடப்பாள். இதுவே போதுமே என்று அவளுக்குச் சில காலைகளில் தோன்றும். அடுத்த நிமிஷமே, இது போதாது என்று வீட்டு வாசல் வரும்.

மூன்றாம் நாள் தடவல் முடிந்த மறுநாள் காலை, எப்படியும் இன்றைக்கு அவனிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அவள் நடந்தாள். பாலத்தின் மேல் ஏறும்போது, "மச்சான், ஒரு விஷயம்" என்றாள்.

"சொல்லு."

அந்த நேரத்தில்தான் தொடை நெடுகச் சூடாக ஒன்று வழிந்தது. முதலில் வியர்வை என்று நினைத்தாள். பிறகு அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து பிடித்து முறுக்கினாற்போல இருந்தது. பாலத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"என்ன விஷயம்?"

"கால் வலிக்குது மச்சான். ஒரு ரிக்‌ஷா பிடிங்க."

"இவ்வளவுதானா? நான் பயந்துட்டேன்" என்று சிரித்தபடி அவன் ரிக்‌ஷாவைத் தேடிக்கொண்டு ஓடினான்.

அன்றைக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அவள்தான் பொய்யைக் கட்டிவைத்திருந்தாளே. மாமியின் கணக்குப்படி அவள் மாதம் குளித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி தொழுகையை விட்டால் ஏன் என்ற கேள்வி வரும். அதனால் நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டதும் மாமிக்குப் பக்கத்தில் பாயை விரித்து நின்றாள். மாமி குனிந்தபோது குனிந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தபோது வைத்தாள். உதடுகள் அசைந்தன. ஒரு ஓதலும் இல்லை. அசுத்தமான நிலையில் அல்லாவின் பெயரை எடுக்கும் தைரியம் அவளுக்கில்லை. பக்கத்தில் மாமி கையேந்தி, மகனுக்கு ஒரு சந்ததியைக் கொடு என்று கண்ணீர் விட்டு அழுதாள். நசீபாவும் கையை ஏந்திக்கொண்டு, வயிற்றுக்குள் ஏதோ இழிந்து இறங்குவதை உணர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த முறை நனைந்த துணிகளைக் கொடியில் போடவில்லை. அடுப்பில் போட்டாள்.

அடுத்த மாதம் மழை பிடித்த பிறகு பேச்சியம்மாள் வந்தாள். எண்ணெயைச் சூடுபண்ணி, கையைத் தேய்த்துக்கொண்டு வயிற்றின் மேல் வைத்தாள். கை ஓடவில்லை. நசீபா முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்குக் கப்பை இல்லக்கா."

பேச்சியம்மாள் கையை எடுத்தாள்.

"கொடியில துணி கெடந்துதே தாயி. நான் பாத்துட்டுத்தானே உள்ள வந்தேன்."

"நான்தான் சும்மா நனைச்சுப் போட்டேன்."

பேச்சியம்மாள் எண்ணெய் மின்னும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல இருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க தொடமாட்டீங்க. தொடாமப் போனா மாமிக்குத் தெரியும்."

"இது என் கையாலயா, இல்ல நிக்காம அதுவாத்தான் போச்சா, யாருக்குத் தெரியும். தானாப் போறதும் உண்டு. ஆனா அதை இனிமே நான் சொன்னா, எனக்காகச் சொன்னதா ஆயிரும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேளு தாயி. உன் மாமிகிட்ட சொல்லிரு. வயித்துல நின்னுச்சு, பேச்சி கை பட்டுப் போச்சுன்னு சொல்லு. இவ மலடி இல்லேன்னு ஆயிரும். அந்த ஆலப்புழைப் பேச்சு நிக்கும். நான் ஆலுவாவுல இருக்க என் மவன்கூடப் போய்க்கிடுதேன்."

"நீங்க கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"அதைச் சொல்லாத. அதை யாரு உங்கிட்ட கேக்கப் போறா?"

வெளியே கூடத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "என்ன பேச்சி, சத்தத்தையே காணோம். தடவுறியா, கதை பேசுறியா?"

"தடவுதேன்மா, தடவுதேன்." சொன்னவள் கையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நேரம் ஆனது என்று தெரிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்குக் காசு வாங்க நிற்காமல் மழையோடு போய்விட்டாள்.

பெருநாள் கழிந்தது. ஆலப்புழைப் படகுக்கு மாமியும் தாவூதும் புறப்பட வேண்டிய காலையில் மழை விட்டபாடில்லை. துவைத்த வெள்ளைச் சட்டை காயவே இல்லை. நசீபா சிரட்டைக் கனலை இஸ்திரிப் பெட்டியில் அள்ளிப் போட்டு, மேசைமேல் போர்வையை நான்காக மடித்து, சட்டையை விரித்தாள். தாவூது பனியனோடு அறைக்குள் வந்து கதவை லேசாகச் சாத்தினான்.

"எனக்குப் போக மனசில்லே" என்றான். "அதை அம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்னு சொன்னேன். எதை வச்சுடா பார்க்கிறது, ஏழு வருஷமா ஒரு அடையாளமாவது உண்டான்னு கேக்கிறாங்க." அவன் மேசையோரம் வந்து சட்டைக்காகக் கையை நீட்டினான். "நீ ஒண்ணு சொல்லு நசீபா. சின்னதா இருந்தாலும் போதும். அதைப் பிடிச்சுக்கிட்டு நான் நிப்பேன்."

அவளிடம் அது இருந்தது. ஒரே வாக்கியம். அதைக் கேட்டதும் அவன் முகம் முதலில் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும், கைலி வாங்கிக் கொடுத்த நாளில் பார்த்த முகம். அடுத்ததாக, எப்போ என்று கேட்பான். எண்ணிப் பார்ப்பான். கல்வத்திப் பாலம் அவன் ஞாபகத்துக்கு வரும். 'இவ்வளவுதானா' என்று தான் சிரித்ததும் வரும். பேச்சி மேல் போட்டுவிடலாம்தான். அவள் போய்விடுகிறேன் என்றே சொல்லிவிட்டாள். ஆனால் பேச்சி கையை நிறுத்திவிட்டுக் கேட்டதை எந்த இடத்தில் வைப்பது? தெரிந்தும் ஏன் படுத்தாய் என்று அவன் கேட்கவே மாட்டான். கேட்காமலேயே அவளோடு வாழ்ந்துவிடக் கூடியவன். அதுதான் அவளுக்குத் தாங்காது போலிருந்தது.

"மச்சான்" என்றாள்.

"சொல்லு."

கூடத்தில் மாமி குடையை உதறும் சத்தம் கேட்டது. "சட்டை ஆச்சா நசீபா? ஈரச் சட்டையாக்கும். அமுத்தித் தேய்."

நசீபா பெட்டியைச் சட்டையின் மேல் வைத்தாள். துணி சீறியது. கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தப் போனவள், அடிவயிற்றில் அழுந்தி ஓடிய பேச்சியின் கை நினைவுக்கு வர, அழுத்த முடியாமல் பெட்டியை உடனே தூக்கிவிட்டாள். அடியிலிருந்த துணி சூடாக, மிருதுவாக, இன்னும் கசங்கியபடியே கிடந்தது. பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள். ஈரத்திலிருந்து எழுந்த ஆவி இருவருக்கும் நடுவில் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. தாவூது சட்டைக்காக நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.