வாசற்படி தாண்டாத மடிக்கணினி

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஜெபக்கனி. நான் அங்கே இல்லை. அவள் சாத்தூரில் முப்பிடாதியோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள். பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அவசரத்தில் சிலதை விட்டுவிடுவாள். விட்ட இடங்களை நான் இட்டு நிரப்பவில்லை.

சாத்தூரில் புது மடிக்கணினிக்கு உறை ஊற்ற வேண்டும். கணினியை இளஞ்சூடாக்கி, பக்கத்து வீட்டுக் கணினியிலிருந்து ஒரு கரண்டி மென்பொருள் வாங்கி அதில் விட்டு, மூடி, ஆடாமல் அசையாமல் வைத்தால் காலையில் கெட்டியாக உறைந்திருக்கும். கடையில் பாக்கெட் மென்பொருளும் கிடைக்கிறது. அது கட்டுள்ளது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்னொரு கணினியில் விட்டால் பிடிக்காது, திரிந்துவிடும். கட்டற்ற மென்பொருள் அப்படியில்லை. யாரும் யாருக்கும் அள்ளிக் கொடுக்கலாம். கிளறிப் பார்க்கலாம். பெருங்காயமோ கறிவேப்பிலையோ சேர்த்து நம் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முப்பிடாதிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சொந்தக் கணினியில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறு எதுவும் அதில் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது. தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவள் அப்பா இந்த வேலையைப் பற்றி டீக்கடையிலும் சலூனிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

தெருவில் கட்டற்ற மென்பொருள் இருந்தது எதிர்வீட்டுச் சீனித்தாய் மதினியிடம் மட்டும்தான். கல்யாணத்தில் நாகர்கோவிலிலிருந்து சீரோடு வந்த உறை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்பிடாதி கிண்ணத்தோடு போனாள். வீடு பூட்டியிருந்தது. ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்த மதினி முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வந்தார்.

"விளக்கு வச்சாச்சே புள்ள" என்றார். "இனிமே உப்பு, மோரு, ஊசி, மென்பொருள் நாலும் வெளிய குடுக்க மாட்டேன்."

"மதினி, காலைல வேலைக்குச் சேரணும் மதினி."

"காலைல வா. கோலம் போட்டதும் மொத வேலையா உனக்குத்தான் தாரேன்."

"அப்ப ஊத்துனா பத்து மணிக்குள்ள எப்படி உறையும்? தண்ணியாத்தான் நிக்கும். வேலை போயிரும்."

பின்னால் நின்ற ஜெபக்கனி, "கட்டற்றதுன்னுதான பேரு. அதுக்கு என்ன கட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்குக் கட்டு கிடையாது. எனக்கு இருக்கு" என்றார் மதினி. "காலேஜ் போனா வாயி மட்டும் நல்லா நீளுது."

உள்ளே வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த மதினியின் வீட்டுக்காரர், குருவையா அண்ணன், தலையைத் தூக்காமல் சொன்னார்: "வெளிய குடுக்கத்தான கூடாது? கம்ப்யூட்டர உள்ள கொண்டாந்து ஊத்திக்கச் சொல்லு."

அதில் யாருக்கும் மறுப்பில்லை. முப்பிடாதி கணினியை எடுத்து வந்தாள். மதினி அதை அடுப்புப் பக்கம் சிறிது நேரம் வைத்துச் சூடு பார்த்து, ஒரு கரண்டி விட்டு, பழைய வேட்டியில் சுற்றி, அரிசி டிரம்மின் மேல் வைத்தார். வை-ஃபை மட்டும் வரவில்லை. அந்தக் கணினிக்கு வை-ஃபை கட்டுள்ள பாக்கெட்டில்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக மதினி தன் வீட்டு நீலக் கேபிளின் நுனியைக் கணினியில் செருகிவிட்டார்.

காலையில் நன்றாக உறைந்திருந்தது. சாய்த்தால் ஓடவில்லை. புளிப்பும் இல்லை. முப்பிடாதி அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தாள். உடனே திரையின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்தது. எழுத்துகள் மிதக்கத் தொடங்கின. காலை உள்ளே எடுத்தாள். மறுபடியும் கெட்டியானது.

"எங்க உறஞ்சுதோ அதான் அதுக்கு வீடு" என்றார் மதினி. "நம்மள மாதிரி இன்னொரு வீட்டுக்குப் போயி வாழுற ஜென்மமா அது? கட்டற்றது. இழுத்தா வராது."

ஆகவே முப்பிடாதி மதினியின் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினாள். கம்பெனியின் ரெங்கநாயகி மேடம் திரையில் வந்து வேலையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"வியாழக்கிழமை கணினிய எடுத்துட்டு ஆபீசுக்கு வந்துருங்கம்மா. மோந்து பாத்துட்டுத்தான் வேலைய உறுதி பண்ணுவோம். வர முடியலன்னா சொல்லிடுங்க, அடுத்தவங்க காத்திருக்காங்க."

முப்பிடாதி அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டை அளைந்துகொண்டே இருந்தாள். அவள் அப்பா போன் செய்து, சென்னை போகும்போது போட்டுக்கொள்ள நல்ல செருப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள்.

புதன்கிழமை மதினி மாவு கரைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரு வாசப்படியத் தாண்டத்தான கூடாது? வாசப்படி அதுக்கு முன்னால போய்க்கிட்டே இருந்தா?"

குருவையா அண்ணன் கடப்பாரையை எடுத்து வந்தார். "நிலையப் பேத்தா சுவரு விழுந்துராதா?"

"உங்க அம்மா வந்து ஒரு மாசம் இருந்தப்பவே விழாத சுவரு. பேத்து எடுங்க."

வாசல்நிலை வாசற்படியோடு சேர்ந்து மஞ்சளும் குங்குமமும் மாவிலையுமாகப் பெயர்ந்து வந்தது. அண்ணன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். முப்பிடாதி கணினியோடு பின்னால் நடந்தாள். அடுத்து மதினி. கேபிள் சுருளை விட்டுக்கொண்டே கடைசியாக ஜெபக்கனி. கணினி நிலையைத் தாண்டவே இல்லை. ஆகவே அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிரியவில்லை.

பேருந்தின் முகப்பில் நிலையைக் கட்டினார்கள். ஓட்டுநர் அதன் வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டினார். நடத்துநர் வந்து நிலைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்க வேண்டும் என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எங்ககிட்டயே லக்கேஜ் கேக்கிறீகளா?" என்றார் மதினி. "மொதல்ல செருப்பக் கழட்டுங்க."

நடத்துநர் குனிந்து பார்த்துவிட்டுக் கழற்றினார். பயணிகளும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள்.

எதிரே வந்த வண்டிகள் நிலை வழியாக வீட்டுக்குள் வந்தன. மதினி ஜன்னலில் சாய்ந்து கார்க்காரர்களை "வாங்க, வாங்க" என்றார். லோடு லாரிகளை வாங்க என்று சொல்லவில்லை. மதுரையைப் பார்த்து, இந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கி எத்தனை நாளாயிற்றோ என்றார். திருச்சியில் காவிரி வந்தபோது எழுந்து நின்றார். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வசதி வந்தது நல்லதுதான் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஜெபக்கனி ஜன்னல் வழியாகக் கேபிளை விட்டுக்கொண்டே வந்தாள். சுருள் தீரவில்லை. வீடு நீள நீள வயரிங்கும் நீண்டது.

வியாழக்கிழமை காலை கம்பெனிக்குப் போனார்கள். அண்ணன் நிலையோடு படியேறி, மேசைகளைத் தாண்டி, கடைசி ஜன்னலோரம் போய் அதைச் சாய்த்து வைத்தார். ரெங்கநாயகி மேடம் கணினியைத் திறந்து, மூக்குக்கு அருகே கொண்டுபோனார். முப்பிடாதி புடவைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரி கேபிளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல உறை" என்றார் மேடம். "வை-ஃபைக்கு என்ன செஞ்சீங்க?"

"வை-ஃபை இல்லை, மேடம். கேபிள்தான்."

"எவ்வளவு நீளம்?"

"வீட்டு நீளம், மேடம்."

மேடம் ஒரு விரலால் விசைப்பலகையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"கட்டுள்ளது எதுவும் கலக்கல. சரி. நீங்க ஆபீசுக்கு வந்து வேலை பாக்கிறீங்களா, வீட்லருந்தா? அத மட்டும் சொல்லுங்க."

முப்பிடாதியால் பொய் சொல்ல முடியாது. "ரெண்டும் ஒண்ணுதான், மேடம்" என்றாள்.

மேடம் ஜன்னலோரம் இருந்த நிலையைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் காலால் துழாவித் தன் செருப்பைக் கழற்றினார். பக்கத்து மேசைக்காரர்களும் கழற்றினார்கள்.

"இன்னைக்கே சேந்துக்கங்க" என்றார்.

முப்பிடாதி வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்ய நினைத்தாள். வெளியே போவதென்றால் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே உள்ளேயே நின்று பேசினாள். அப்பா என்ன சொன்னார் என்பதை ஜெபக்கனி விட்டுவிட்டாள்.

நிலை சென்னையிலேயே இருக்கிறது. மதினியும் அண்ணனும் அன்று மாலையே அடுப்படிக்குக் கிளம்பிவிட்டார்கள். பேருந்தில் ஒரு ராத்திரிப் பயணம்.

நான் இருப்பது விழுப்புரத்தில். அந்தப் பேருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கேட்டதை அப்படியே எழுதிவிடக் கூடாது என்று, ஜெபக்கனியிடம் எண் வாங்கி மதினிக்கே போன் செய்தேன். விழுப்புரம் வீட்டில் எந்தப் பகுதியில் வருகிறது என்று கேட்டேன்.

"ஹாலு" என்றார் மதினி. "நீ அங்கதான் இருக்கியா? கல்யாண மண்டபத்துப் பக்கம் ஃபேன் சும்மா சுத்துற மாதிரி எனக்கு ஒரு நெனப்பு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.