எலும்பறையில் ஓர் இடம்

ஸ்தமாதிஸ் கரையவில்லை.

வியாழன் காலை மடத்துக் கல்லறையில் அவன் குழியைத் திறந்தார்கள். புதைத்து மூன்று வருடம். இதற்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சியிருக்க வேண்டும். அதை ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, பெயரெழுதி, மடத்தின் எலும்பறையில் அடுக்குவோம். பாறைத் தீவு இது. குழியை அடுத்தவருக்குக் காலி செய்து தர வேண்டும். ஸ்தமாதிஸோ தோலும் மீசையுமாக, கறுத்து, முழு ஆளாகக் கிடந்தான்.

உடல் கரையவில்லை என்றால் யாரோ அவனை மன்னிக்கவில்லை என்று அர்த்தம். ஊரே வரிசையில் நின்று, "கடவுள் மன்னிக்கட்டும், நானும் மன்னிச்சேன்" என்று குழிக்குள் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனது. நான் போகவில்லை. பள்ளியில் வகுப்பு இருந்தது.

மதியம் அவன் மனைவி கலிரோய் என் வீட்டுக்கு வந்தாள். கூடவே மடத்துத் தலைவர் அந்திமோஸ் சாமி.

"வாத்தியாரே, நீங்க மட்டும்தான் பாக்கி," என்றார் சாமி.

"நிகிதாஸ் சொல்லிட்டானா? அவன் ஆட்டை இவன் அடிச்சுத் தின்னானே."

"சொல்லிட்டான். கிழட்டு ஆடு, பல்லு வலிச்சிருக்கும், அதுவே தண்டனைன்னு சிரிச்சான்."

"என் வீட்ல செத்தது ஆடு இல்ல சாமி."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

என் மனைவி மிர்சினி மூன்று வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் இறந்தாள். பதினான்காம் தேதி சாயங்காலம், தேவமாதா பனாகியாவின் திருநாளுக்கு முந்தின நாள். அவளுக்குக் கர்ப்பம் எட்டாம் மாதம், ரத்தம் நிற்கவில்லை. பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய படகு ஸ்தமாதிஸிடம் மட்டும்தான் இருந்தது. என்ஜின் கெட்டுவிட்டது என்றான். மறுநாள் காலை அதே படகு, பனாகியாவின் திருப்படத்தை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றி வந்தது. என்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையும் போய்விட்டது. அந்த டிசம்பரில் அவன் மாரடைப்பில் செத்தான். நான் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் செத்தான்.

"தம்பி, அவர் தினம் கனவுல வர்றார். மண்ணு தள்ளி விடுதுன்னு அழுறார்," என்றாள் கலிரோய்.

ஏதென்ஸில் நான்கு வருடம் படித்தவன் நான். அந்தக் குழி களிமண், மலைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும், ஈரத்தில் எந்த உடலும் கரையாது. ஒரு வாக்கியத்தில் அவளைத் தூங்க வைத்திருக்கலாம். சொல்லவில்லை.

"நாளைக்குக் குழிமேட்டுல, ஊர் முன்னாடி, அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்கக்கா. அப்புறம் பேசறேன்."

மறுநாள் காலை எல்லோரும் வந்தார்கள். கலிரோய் முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

"என்ஜினுக்கு ஒண்ணும் இல்ல. படகைக் கழுவி, தூபம் போட்டு, சாமி மந்திரிச்சு வச்சிருந்தார். பனாகியா ஏறப்போற படகு. பிரசவ ரத்தம் பட்டா தீட்டாயிடும்னு நெனச்சோம். என் வீட்டுக்காரர் போறேன்னுதான் கிளம்பினார். நான்தான் என்ஜின் கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொன்னேன்."

நான் அந்திமோஸ் சாமியைப் பார்த்தேன். மடத்தின் வரலாற்றை அவருக்காக எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"சாமி, திருப்படத்தோட கீழ் ஓரத்துல பழுப்பா ஒரு கறை இருக்கே. என்ன அது?"

"இப்ப எதுக்குப்பா அது..."

"சொல்லுங்க."

"கடல்கொள்ளைக்காரங்க வந்தப்ப ஒரு கர்ப்பிணி படகுல தப்பிச்சா. நடுக்கடல்ல பிள்ளை பெத்தா. அப்ப பனாகியா படம் மிதந்து வந்துச்சு, இவ அந்தக் கையாலயே எடுத்தா." அவர் குரல் தணிந்தது. "பிரசவ ரத்தம்."

"அவ கரையேறின இடத்துலதானே இந்த மடம்?"

"ஆமா."

"வருஷா வருஷம் அந்தப் படத்துல நாம முதல்ல முத்தம் வைக்கறது எங்க?"

கூட்டத்தில் நிகிதாஸ் தொப்பியைக் கழற்றினான். ஒரு பெண் விசும்பினாள். எனக்கு அழுகை வரவில்லை. மூன்று வருடமாக வரவில்லை.

கலிரோய் என் காலருகே மண்டியிட்டாள். "பாவம் என்னுது தம்பி. என்னை மன்னிக்க வேணாம். அவரை விட்டுடுங்க."

எலும்பறையில் பெட்டிகளை, குழி திறந்த வரிசைப்படிதான் வைப்பார்கள். மன்னிப்புப் பெற்றவன் இன்னும் கரையாவிட்டாலும் அவன் இடத்தைக் காலியாக விட்டுவைப்பார்கள். மிர்சினியின் எலும்புகளைப் போன ஆகஸ்டில் நானே கழுவினேன். கோதுமை நிறத்தில் இருந்தன. அவள் பெட்டிக்கு அடுத்த இடம் காலியாக இருக்கிறது. நான் அந்த வார்த்தையைச் சொன்னால், இன்றில்லாவிட்டால் அடுத்த தடவை, அங்கே வந்து உட்காருவது ஸ்தமாதிஸ்.

"மாட்டேன்," என்றேன். "உங்க கணக்கு தனி, அக்கா. உங்க குழியைத் திறக்கிறப்ப வந்து பாத்துக்கறேன்."

"டேய், நீ மனுஷனா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

சாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "மூடுங்க. மூணு வருஷம் கழிச்சுத் திறப்போம்," என்றார்.

"அப்பவும் கூப்பிடுங்க சாமி. இதே ஊர்லதான் இருப்பேன்."

வெட்டியான் பண்டெலி மண்வெட்டியை எடுத்தான். அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். முதல் மண்ணை ஸ்தமாதிஸின் முகத்தில் போட்டேன். பாதியில் கையில் கொப்புளம் கிளம்பியது. பண்டெலி திரும்ப வாங்க வந்தான். கொடுக்கவில்லை.