நாற்பத்தாறு டிகிரிக்கு மேல்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வண்டிவீட்டின் கதவைத் திறந்து உள்ளே ஏறிய மார்லிஸ் முதலில் கவனித்தது சத்தம் இல்லாததைத்தான். ஃப்ரிட்ஜின் முனகல் கேட்கவில்லை. துவைத்துக் கொண்டுவந்த துணி மூட்டையை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. வெண்ணெய்த் தட்டில் கிடந்த குட்டி வெப்பமானி ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

அதே தட்டில்தான் அவளுடைய ஆறு ஊசிகளும் இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் மூன்று மாத மருந்து. முப்பத்திரண்டில் உறைந்தாலும் வீண், நாற்பத்தாறுக்கு மேலே போய் அங்கேயே கிடந்தாலும் வீண். அந்த ஊசி இல்லாவிட்டால் அவளுடைய விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் வீங்கிப் பூட்டிக்கொள்ளும். அவள் கை ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் அந்த முப்பத்தாறு அடி வண்டி நகராது. கணவன் வெர்லினுக்கு இடது கண்ணில் பார்வை போய் நாலு வருடமாகிறது. லைசென்ஸும் அதோடு போயிற்று. ஆகவே அந்த வெண்ணெய்த் தட்டில் இருந்தது மருந்து மட்டுமல்ல, அவர்களுடைய பிழைப்பே. வடக்கே மின்னசோட்டாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் இந்த வண்டியை வாங்கியிருந்தார்கள். திரும்பிப் போக வேறு கூரை இல்லை.

வெர்லின் பின்னாலேயே ஏறி வந்து, கதவோரத்துப் பலகையில், பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்குக் கரண்டு கொடுக்கிற இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தான். சுவிட்சை அழுத்தினான். பச்சை எரிந்தது, ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி முனக ஆரம்பித்தது. "தானா அணைஞ்சிருக்கும்" என்றான், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

மார்லிஸ் மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று போனை எடுத்த பெண் துருவித் துருவிக் கேட்டாள். இந்த ஒரு தடவை தாங்கும், இன்னொரு தடவை ஆனால் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள் என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை இடையில் மாற்றிக் கொடுத்துவிட்டதால், இனி புது மருந்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தாள்.

அந்த ஃப்ரிட்ஜை வாங்கியது மார்லிஸின் பிடிவாதம். அதற்கு முன் பதினொரு குளிர்காலம் அவர்களிடம் இருந்தது வண்டியோடு வந்த கேஸ் ஃப்ரிட்ஜ், கரண்டு இல்லாமல் சிலிண்டர் கேஸின் தீபத்தில் குளிர்வது. அதற்கு ஆயிரம் நொட்டை. வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் குளிராது, சக்கரத்துக்கடியில் மரக்கட்டை கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். வெயிலில் ஐம்பதுக்கு ஏறும், பனிக்காற்றில் இருபத்தெட்டுக்கு இறங்கும். டிசம்பரில் அப்படி இறங்கியதில் ஆறு ஊசியும் உறைந்து போயின. ஐந்து வாரம் மருந்தில்லாமல், காபிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக் குடித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ்தான் என்று.

வெர்லின் ஆகாது என்றான். கேஸ் என்றால் ஒரு சிலிண்டரில் பாலைவனத்தில் மாதக்கணக்காகக் கிடக்கலாம், சின்னத் தீபம் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். கரண்டை நம்பினால் பேட்டரிக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது அவன் வாதம். பக்கத்து வண்டி ஆர்வலும் அவன் கட்சி. கேஸைத் தவிர வேறெதையும் நம்பாத ஆள் அவன். "டிரைவரம்மாவுக்கு ஐஸ்கிரீம் கேக்குது, அதான் விஷயம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மார்லிஸ் யாரையும் சட்டை செய்யவில்லை. அளவுநாடாவோடு கடை கடையாக ஏறி, தன் சந்துக்குப் பொருந்துகிற வெள்ளை ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிடித்தாள். அது வண்டிக் கதவுக்குள் நுழையவில்லை. முன்பக்கக் கண்ணாடியை மொத்தமாகக் கழற்றி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலாக இரண்டு ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார்கள். ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பியும் மாட்டினார்கள். கூரையில் சோலார் தகடும் அடியில் நாலு புதுப் பேட்டரியும் ஏறின. மூன்று வாரம் கரண்டு இணைப்பு உள்ள முகாமில் நிறுத்தியிருந்தபோது முப்பத்தெட்டைவிட்டு அது அசையவே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் மார்ச் கடைசியில், தெற்கே குவார்ட்ஸைட் என்ற பாலைவன ஊருக்கு வெளியே இந்தக் கல்லும் கள்ளியும் மட்டும் உள்ள வெட்டவெளிக்கு வந்து நிறுத்தினார்கள். வந்து நாலாவது நாளே இப்படி.

கழற்றிய கேஸ் ஃப்ரிட்ஜை ஆர்வல் வாங்கிக்கொண்டு போய், தன் வண்டிக்கு வெளியே பந்தலுக்குக் கீழே நிறுத்தி, பீர் வைத்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தியிருந்தான் என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

புதன்கிழமை முழுவதும் வெர்லின் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் வைத்துப் பார்த்தான், ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தான். இன்வெர்ட்டர் சூடாகித் தானாக நின்றால் அதன் நினைவில் ஒரு குறி விழும், அதையும் தேடினான். ஒன்றும் இல்லை. சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. என்ன கண்டுபிடித்தாய் என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். சொல்லிவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான். மார்லிஸுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஃப்ரிட்ஜ் எப்படி அணையும்? அந்தக் கேள்வி மனதில் முள்ளாகத் தைத்தது. தைத்த இடத்திலிருந்து இன்னொரு நினைப்பு கிளம்பியது. அதை முதலில் விரட்டினாள். அது போகவில்லை.

வியாழக்கிழமை அவள் ஊருக்குப் போயே ஆக வேண்டும். தபால் எடுக்க வேண்டும், குடிதண்ணீர் பிடிக்க வேண்டும். உன்னை நம்பித்தான் ஃப்ரிட்ஜை விட்டுப் போகிறேன், இங்கேயே இரு என்று வெர்லினிடம் சொன்னாள். அவன் பந்தல் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வண்டிக்குப் பின்னால் இழுத்து வருகிற சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். வெயில் தொண்ணூற்றெட்டைத் தொடும் என்று ரேடியோ சொன்னது.

ஊரில் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வரிசை. தபால் ஜன்னலில் வரிசை. திரும்பும் வழியில் கல் ரோட்டில் காரை விரட்டியதில் பின்சீட்டுத் தண்ணீர் டப்பா உருண்டது. மூன்று மணிக்கு வந்து சேர்ந்தபோது வெர்லின் அதே நாற்காலியில் இருந்தான், ஆர்வல் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில். அவர்களைத் தாண்டிப் படியேறினாள்.

உள்ளே சத்தம் இல்லை. பச்சை விளக்கு இல்லை. வெப்பமானியில் அறுபத்தொன்று. வெண்ணெய்த் தட்டில் ஊசிகளையே காணோம்.

வெளியே வந்தவள் ஊசி எங்கே என்று கேட்டாள். ஆர்வலின் கேஸ் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றான் வெர்லின். காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோதே எடுத்துப்போய் வைத்துவிட்டானாம். அங்கே நாற்பத்தொன்று இருக்கிறது, ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. தைத்த முள் இப்போது முழுதாக உள்ளே இறங்கியது.

"அப்ப இது இன்னிக்கு அணையும்னு காலைலயே உனக்குத் தெரிஞ்சிருக்கு."

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாள் பூரா வாசல்லயே உக்காந்திருக்க. உன்னைத் தாண்டி யாரும் உள்ள போகல. பேட்டரி நல்லாருக்கு, வயர் நல்லாருக்குன்னு உன் வாயாலயே சொன்ன. நீ சொன்னதுதான் சரின்னு காட்டணும், அவ்வளவுதானே? அதுக்கு என் கையோடயா விளையாடுவ? ஊசியை மட்டும் பத்திரப்படுத்திட்டு மிச்சத்த அணைச்சு வச்சிருக்க. ரொம்ப கெட்டிக்காரன்தான் நீ."

ஆர்வல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.  வெர்லின் தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் உள்ளுக்குள் தவித்தாள். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சுவிட்சைத் திரும்பப் போட்டு, கெட்டுப்போன பாலையும் கோழியையும் பையில் கட்டி வெளியே வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. நாற்பத்திரண்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவன் ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காகத் தன்னை முடமாக்கத் துணிந்துவிட்டான் என்று அவள் மனசார நம்பினாள். 

வெள்ளிக்கிழமை ஊசி போடுகிற நாள். விடிந்ததும் வெர்லின் எழுந்து ஆர்வலின் வண்டிக்குப் போய்விட்டான். எப்போதும் அலறுகிற ரேடியோவை அன்று யாரும் போடவில்லை. மார்லிஸ் தனியாக உட்கார்ந்து காபி குடித்தாள். தோற்றுப்போனதாக முடிவு செய்துவிட்டாள். ஆர்வலிடம் போய்ப் பழைய ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கேட்பது, ஊசியைப் போட்டுக்கொள்வது, அதற்குப் பிறகு வெர்லினை என்ன செய்வது என்று யோசிப்பது. ஐஸ் பையை எடுத்தாள். வண்டிக்குள் பின்பக்கம் வரை ஒரு பார்வை பார்த்தாள். கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது.

அப்படியே நின்றாள். மற்ற நாளாக இருந்தால் வெர்லின் ஏதாவது பேசிக்கொண்டிருப்பான், ரேடியோ கத்திக்கொண்டிருக்கும், இந்தச் சத்தம் நின்றதே காதில் விழுந்திருக்காது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அவளுடைய வலது கை கதவோரத்துப் பலகையில் இருந்தது. ஆள்காட்டி விரல் சுவிட்சின் மேல் இருந்தது. பச்சை விளக்கு அணைந்திருந்தது.

அந்தக் கையை அவள் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய கை. இறங்குவதற்கு முன் கடைசி இருக்கைவரை ஒரு பார்வை, எந்தப் பிள்ளையும் தூங்கிக்கொண்டில்லை என்று உறுதி, பிறகு மெயின் சுவிட்ச், பிறகுதான் படி. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அது அவளுடைய கர்வம். வண்டிவீட்டுக்கு வந்தபிறகும் அதே பழக்கம். கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்த காலத்தில் வெளியே போகும்போது இன்வெர்ட்டரை அணைப்பதுதான் சரி. வீணாகப் பேட்டரி தின்னாது, ஃப்ரிட்ஜ் தன் தீபத்தில் குளிர்ந்துகொண்டிருக்கும். கரண்டு முகாமில் அணைத்தபோதும் வெளிக் கரண்டு ஃப்ரிட்ஜைக் காப்பாற்றிவிட்டது. இங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. எந்தக் கைக்காக மருந்தைக் கட்டிக் காத்தாளோ அந்தக் கையே அதைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. தன்னைத் தானே கையும் களவுமாகப் பிடித்த வெட்கத்தில் அவள் முகம் சுட்டது.

சுவிட்சைத் திரும்ப அழுத்தி, முனகல் கேட்கும்வரை நின்றாள். பிறகு இறங்கி, சரளைக்கல்லில் நேராக ஆர்வலின் பந்தலுக்கு நடந்தாள். இரண்டு ஆண்களும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆர்வல், நேத்து உன் முன்னாடிதான் சொன்னேன், அதனால நீயும் கேட்டுக்கோ. அணைச்சது வெர்லின் இல்ல. நான்தான்."

"தெரியும்" என்றான் வெர்லின்.

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"புதன்கிழமையே தெரியும். பேட்டரில கோளாறு இல்ல, இன்வெர்ட்டர்ல கோளாறு இல்ல. மிச்சம் நம்ம ரெண்டு பேர் கைதான். என் கை இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல? நேத்து அவ்வளவு பேசினேனே."

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தான். பார்வையுள்ள கண்ணால் அவளைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சிட்டு, யார் அணைச்சாங்கன்னு கேப்பா. கதவ அவளே பூட்டிட்டு என்மேல பழி போடுவா. ரெண்டு வருஷத்துல நான் யாருன்னே அவளுக்குத் தெரியல. நேத்து நீ கெளம்பினதும் உள்ள போய்ப் பாக்கலாம்னுதான் எழுந்தேன். பாத்தா உறுதியாயிடுமேன்னு திரும்ப உக்காந்துட்டேன். நான் கெட்டவன்னே நீ நெனச்சுக்கோ, அது பரவால்ல. உனக்கு அந்த வியாதின்னு என் வாயால சொல்ல முடியல, மார்லிஸ்."

ஆர்வல் எழுந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தன் கோப்பைக்குக் காபி எடுக்க உள்ளே போய்விட்டான்.

 மார்லிஸ் அவன் எதிரே சரளையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவன் எதைச் சுமந்துகொண்டிருந்தான், அதன் மேல் தான் எதைத் தூக்கி வைத்தோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையும், கேஸ் தீபத்தையும், இப்போது விரலுக்கடியில் அணைந்த விளக்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நான் எதையும் மறந்துட்டு அணைக்கல, வெர்லின். இந்தக் கைக்கு மறக்கத் தெரியல, அதான்."

அவன் அவள் சொன்னதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், கேஸ் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஊசியை எடுத்து வந்தான். வெப்பமானி நாற்பதில் இருந்தது. அவள் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, வழக்கம்போலப் பத்துவரை எண்ணி ஊசியைப் போட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். சுவிட்ச் அளவுக்குக் கச்சிதமாக வெட்டிய கறுப்பு டேப் துண்டு, பையின் நூலெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"புதன்கிழமையே வெட்டி வச்சேன்" என்றான். "ஒட்டினா எதுக்குன்னு கேப்பியே."