தையல்காரம்மா கண்ணயர்ந்த நாள்

சபையின் புது ஆண்டு வேலைகள் தொடங்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு வகுப்பு, பாடகர் குழு, நோயாளிகளைப் பார்க்கப் போவது எல்லாம் மறுபடி ஆரம்பமாகும். அதற்கு முன்னால் ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் கூடி ஜெபிப்போம், ஓய்வெடுப்போம், வேலை மட்டும் யாரும் செய்யக்கூடாது என்று போதகர் அறிவித்தார். தையல்காரம்மாவுக்குப் பகீரென்றது.

கணவர் போன பிறகு பதினோரு வருஷமாகச் சபைதான் அவளுக்கு எல்லாம். கூடம் பெருக்குவது, பாடகர்களுக்கு அங்கி தைப்பது, பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்வது என்று சகலமும் அவள் தலையில். யாரும் ஏற்றி வைக்கவில்லை. அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டவை. அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள் நாத்தனார், ஓய்வுபெற்ற நர்ஸ். பார்ப்பவர்களுக்கு இருவரும் எலியும் பூனையும். ஆனால் ஒருத்தி இருமினால் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் தையல்காரம்மா நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினார். கூடத்தில் திரைச்சீலையின் ஓரம் பிரிந்திருந்தது. பையிலிருந்து ஊசியை எடுத்தாள்; நாத்தனார் அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் மௌன ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்டது. நாத்தனாரின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தையல்காரம்மா அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ தட்டி எழுப்பக் கை நீட்டினார்கள்.

"எழுப்பாதீங்க," என்றாள் நாத்தனார் மெல்ல. "மூணு வாரமா அங்கி தைக்கிறேன்னு இவங்க சரியா தூங்கவே இல்ல."

போதகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வெளியே நடந்தார். அவர் பின்னால் மற்ற நாற்பது பேரும் அப்படியே போனார்கள். நாற்காலிகளை இழுக்காமல் தூக்கிப் போய் முற்றத்து மரத்தடியில் போட்டு, அங்கே கூட்டத்தை நடத்தினார்கள்.

அவள் விழித்தபோது கூடம் காலியாக இருந்தது. நாத்தனார் மட்டும் மரத்துப்போன தோளோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாச்சு என்று தையல்காரம்மா கேட்டாள். ரெண்டரை மணி நேரம் என்றதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே ஓடினாள்.

அங்கே ஆண்டு வேலைகளைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். பெருக்குவது பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அங்கி, மூன்று இளம்பெண்கள். பிள்ளைகளின் கதை நேரம், பள்ளி ஆசிரியை. கேட்கக் கேட்க அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்ப நான் எதுக்கு?" என்றாள்.

நாத்தனார் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள்.

"எங்களோட உக்காந்து பாடுறதுக்கு, அண்ணி. பதினோரு வருஷத்துல நீங்க பாடி ஒருத்தரும் கேட்டதில்ல. பாட்டு ஆரம்பிச்சாலே எதையாவது எடுத்து வைக்கப் போயிடுவீங்க."

"என் குரலுக்கு ஆளுங்க எழுந்து ஓடிடுவாங்க."

"குறட்டையவே கேட்டுட்டோம் அம்மா," என்றார் போதகர். "இனிமே எதுக்கும் பயமில்ல."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை, கதை நேரத்தை மட்டும் வாதாடித் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆசிரியையும் சந்தோஷமாகவே கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு டிரைவர் பெருக்கிய லட்சணம் மூலைக்கு மூலை தெரிந்தது. பாட்டு தொடங்கும்போது அவள் கை துறுதுறுத்தது. நாத்தனார் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரம்மா முதல் வரியைச் சுருதி தப்பித்தான் பிடித்தாள். இரண்டாம் வரியில் சத்தமாகவே பாடினாள்.